நாடகம் படிக்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீடு. பிளஸ் டூ முடித்த மகள், திருச்சூர் அரணாட்டுக்கரையில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியில் பி.டி.ஏ. (நாடகக் கலை இளங்கலைப் பட்டம்) சேரப்போவதாக ஒரே பிடிவாதம். அதற்கப்புறம் டெல்லி தேசிய நாடகப் பள்ளியாம். கட்டணம் ஆண்டுக்கு 20,000, ஹாஸ்டலும் மெஸ்ஸும் மாதம் 6,000 என்று கணக்குப் போட்டிருக்கிறோம். மாதம் 4,000 மிச்சம் பிடிக்க முடியும். பேங்கில் டெபாசிட் 1,50,000 முதிர்ந்து நிற்கிறது. 2015-ல் மகள் பேரில் தொடங்கிய சுகன்யா (செல்வமகள்) சேமிப்புக் கணக்கில் 4,10,000. நகை 12 பவுன். கொழுந்தனார் நகையை வை என்கிறார், என் தம்பி கல்விக்கடன் எடு என்கிறான். எது சரி? — ஒரு வாசகி

பதில்: நகையைத் தொடாதீர்கள். கல்விக்கடனும் இப்போது வேண்டாம். ஆனால் உங்கள் கணக்கில் ஒரு செலவு விட்டுப்போயிருக்கிறது: நாடகம் போடும் செலவு.

அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் பெரிய சுமையாக இருக்காது. நாடகப் படிப்பில் கையைக் கடிப்பது தயாரிப்புதான். ஒத்திகைக்கு இடமும் அடிப்படை விளக்குகளும் பள்ளியில் கிடைக்கும். அதற்கு மேல் துணி, தையல் கூலி, பிளைவுட், பெயின்ட், கூடுதல் ஸ்பாட் லைட் வாடகை, செட் ஏற்றிப்போகும் டெம்போ எல்லாவற்றையும் மாணவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிவரும். இந்தச் செலவு மாதாமாதம் சீராக வராது. அரங்கேற்றத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் மொத்தமாக வந்து விழும். ஒரு சின்ன உதாரணம்: கடையில் பளிச்சென்று பச்சையாக இருந்த துணி, சிவப்பு ஜெலட்டின் தாள் போட்ட விளக்கின் கீழே கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். இது தொழில்நுட்ப ஒத்திகை அன்றுதான் கண்ணில் படும். உடனே வேறு துணி, அவசரத் தையல், கூலி இரட்டிப்பு. அரை மீட்டர் மட்டும் வெட்டி வாங்கி, விளக்கில் பிடித்துப் பார்த்த பிறகு மீதியை வாங்கச் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கமே ஆயிரங்களை மிச்சப்படுத்தும்.

தயாரிப்புக்கும் பயணத்துக்கும் முதல் இரண்டு ஆண்டு 25,000 வீதமும், மூன்றாம் ஆண்டு 50,000-மும் ஒதுக்குங்கள். மகளே இயக்குவதாக இருந்தால் கடைசி ஆண்டுதான் பணத்தை விழுங்கும். தினமும் பஸ்ஸில் போய்வந்தால் ஹாஸ்டல் செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒத்திகை முடிய இரவு ஒன்பது, பத்து ஆகும். அதற்குமேல் பாலக்காடு வந்து கொழிஞ்சாம்பாறைக்கு எந்த பஸ்ஸைப் பிடிப்பது?

கட்டணம் 60,000, ஹாஸ்டலும் மெஸ்ஸும் ஆண்டுக்கு 10 மாதக் கணக்கில் 1,80,000, தயாரிப்பும் பயணமும் 1,00,000, ஆக 3 ஆண்டுக்கு மொத்தம் 3,40,000 ஆகிறது. உங்கள் மாதச் சேமிப்பு 1,44,000 தரும். மீதி 1,96,000-க்குத்தான் வழி பார்க்க வேண்டும்.

இதில் கட்டணம் 60,000-ஐ சுகன்யாவில் எடுங்கள். மகளுக்கு 18 ஆகியிருந்தாலோ பத்தாம் வகுப்பு முடித்திருந்தாலோ, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் 50% வரை படிப்புக்கு எடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை, அதிகபட்சம் 5 ஆண்டு. பலர் தடுக்கி விழுவது அடுத்த விதியில். சேர்க்கைக் கடிதத்திலோ கட்டணச் சீட்டிலோ உள்ள தொகைக்கு மேல் தர மாட்டார்கள். பிளைவுட் பில்லைக் காட்டி வாங்க முடியாது. 18 ஆனதும் கணக்கை மகளே நடத்த வேண்டும் என்பதால் அவளுடைய ஆதாரையும் பான் கார்டையும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். 2024 ஜனவரியில் 8.2% ஆன வட்டி, அதுவும் வரியில்லாதது. மீதியை அங்கேயே வளர விடுங்கள்.

மிச்சம் 1,36,000 டெபாசிட்டிலிருந்து. அப்படியே ஒரே டெபாசிட்டாகப் புதுப்பிக்காமல் 40,000-ஐ சேமிப்புக் கணக்கில் போடுங்கள், 40,000-ஐ ஓராண்டுக்கும் 70,000-ஐ இரண்டாண்டுக்கும் போடுங்கள். அரங்கேற்ற நேரத்தில் டெபாசிட்டை உடைத்து வட்டியில் பிடித்தம் கொடுக்க வேண்டிவராது.

நகைக்கடன் ஏன் வேண்டாம்? பெரும்பாலும் 12 மாதக் கெடு. படிப்போ 3 ஆண்டு. ஒவ்வொரு ஆண்டும் வட்டி கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். டெபாசிட்டும் கரைந்த பிறகு, தேங்காய் விலை விழுந்தாலோ ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ உங்களிடம் மிஞ்சுவது அந்த 12 பவுன்தான்.

கல்விக்கடன் 4 லட்சம் வரை ஈடில்லாமல் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் பல வங்கிகள் புத்தகம், கருவி, புராஜெக்ட் செலவுகளை மொத்தக் கட்டணத்தில் 20% என்று கட்டுப்படுத்துகின்றன. உங்கள் கட்டணம் 60,000 என்றால் 12,000-தான் தேறும். தவணை, படிப்பு முடிந்து ஓராண்டில் தொடங்கிவிடும். 2 லட்சத்துக்கு 10% வட்டியில் 7 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 3,320. நாடகக்காரருக்கு வருமானம் பருவமழை மாதிரி. ஸ்கூல் கலோத்ஸவ (கலைவிழாப் போட்டி) சீசனில் பயிற்சி வேலை குவியும், பிறகு ஓய்ந்துவிடும். மாதத் தவணை அதற்குப் பொருந்தாது. நடிப்போடு லைட்டிங்கோ மேடை அமைப்போ கற்றுக்கொண்டால் வருமானம் கொஞ்சம் சீராகும் என்பது என் அபிப்பிராயம்.

பள்ளி சாதாரணமானதல்ல, 1977-ல் மலையாள நாடகாசிரியர் ஜி. சங்கரப்பிள்ளை தொடக்க இயக்குநராக இருந்து கட்டியது. உலக நாடகங்களைப் பார்க்க டெல்லி வரை செலவு செய்யவும் வேண்டாம், கேரள சங்கீத நாடக அகாதமியின் சர்வதேச நாடக விழா திருச்சூரிலேயே நடக்கிறது. தமிழ் வீட்டுப் பெண் என்பதும் சொத்துதான். பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தில் பாடுவது கம்பராமாயணம். ஆய்வுக்கு அதை எடுத்தால் பஸ் காசோடு வேலை முடியும்.

தேசிய நாடகப் பள்ளிக்குப் பட்டமும், நாடகத் தயாரிப்புகளில் பங்கேற்ற அனுபவமும் கேட்பார்கள். ஒவ்வொரு நாடகத்தின் நோட்டீஸையும் சான்றிதழையும் முதல் ஆண்டிலிருந்தே ஒரு ஃபைலில் போடச் சொல்லுங்கள். தேர்வானால் அங்கே மாதாந்திர உதவித்தொகை உண்டு. டெல்லித் தேர்வுப் பயணத்துக்கு, டெபாசிட்டில் மிஞ்சும் 14,000-மும் வட்டியும் போதும். கிடைக்காமல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்ந்தால், தம்பி சொல்லும் கல்விக்கடனை அப்போது யோசிக்கலாம்.

இந்த வாரமே அக்ஷயா மையத்தில் (அரசு இ-சேவை மையம்) வருமானச் சான்றுக்கும் நேட்டிவிட்டி சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். பூர்வீகம் தமிழ்நாடு என்றால் சாதிச் சான்றில் வில்லேஜ் ஆபீஸ் கேள்வி கேட்கும். பழைய ரேஷன் கார்டும் உங்கள் பள்ளிச் சான்றும் கையில் இருக்கட்டும். தகுதி இருந்தால் கேரள அரசின் கல்வி உதவித் திட்டமான இ-கிராண்ட்ஸில் கட்டணச் சலுகை கிடைக்கும், சுகன்யாவில் கைவைக்க வேண்டிய 60,000-மும் குறையும்.