டீகோடரைத் தொடும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

கேள்வி: பிரான்ஸில் இருக்கும் என் பெரியப்பா, தாம் முப்பது ஆண்டுகளாகப் பாதுகாத்து வந்த ஹெச்ஓ அளவு (1:87) நீராவி என்ஜின் மாதிரி ஒன்றை எனக்குக் கொடுத்திருக்கிறார். அது டிசி (நேர்மின்சாரம்) முறையில் நன்றாகவே ஓடுகிறது. அதில் டிஜிட்டல் டீகோடர் பொருத்த ஆசைப்படுகிறேன். ஆனால் டீகோடரில் பல வண்ணங்களில் கம்பிகள் இருக்க, என்ஜினைத் திறந்தால் உள்ளே இரண்டே கம்பிகள்தான் இருக்கின்றன. எதை எதனோடு இணைப்பது?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கண்ணுக்குத் தெரியும் கம்பிகள் இரண்டுதான். ஆனால் அந்தக் காலத்து என்ஜின்கள் பலவற்றில் உலோகச் சேஸிஸே (அடிச்சட்டமே) ஒரு கம்பியின் வேலையைச் செய்கிறது. வலப்பக்கச் சக்கரங்கள் ஒரு தண்டவாளத்திலிருந்து எடுக்கும் மின்சாரம் சேஸிஸ் வழியாகவே மோட்டாரின் ஒரு பிரஷ்ஷுக்கு (சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கரித்துண்டுக்கு) போய்விடும். மற்றத் தண்டவாளத்தின் மின்சாரத்தைப் பெரும்பாலும் பின்னால் வரும் டெண்டரின் (நிலக்கரி, நீர்ப் பெட்டியின்) சக்கரங்கள் எடுத்து, இரண்டையும் இணைக்கும் கொக்கி வழியாகவோ ஒரு கம்பி வழியாகவோ அடுத்த பிரஷ்ஷுக்கு அனுப்பும். டிசி முறைக்கு இது போதும். தண்டவாளத்தின் மின்முனைகளை மாற்றினால் என்ஜின் எதிர்த்திசையில் ஓடும்.

டிஜிட்டல் முறையில் கதை வேறு. தண்டவாளத்தில் எப்போதும் ஏறத்தாழ 14 முதல் 16 வோல்ட் வரை, முனைகள் நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் ஓடும். அதைப் பெற்று, கட்டளையைப் பிரித்தறிந்து, மோட்டாருக்கு எவ்வளவு, எந்தத் திசையில் என்று அளந்து கொடுப்பது டீகோடர். ஆகவே மோட்டாரின் இரண்டு பிரஷ்களும் டீகோடரைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. ஒரு பிரஷ் சேஸிஸைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் தண்டவாள மின்சாரம் டீகோடரின் வெளியீட்டுப் பக்கமாக நுழைந்து, மின்சாரம் கொடுத்த கணமே அதைக் கருக்கிவிடும். என் முதல் டீகோடரை நான் அப்படித்தான் இழந்தேன். மேசையின் மேல் எல்லாம் சரியாக இருந்தது. மேல்மூடியைப் பொருத்தியபோது அதற்குள் இருந்த ஈய எடைக்கட்டி பிரஷ்ஷின் தகட்டை உரசியதைக் கவனிக்கவில்லை.

எனவே முதலில் ஒரு தாளில் உங்கள் என்ஜினின் மின்பாதையை வரையுங்கள். மல்டிமீட்டரில் ஒலி எழுப்பும் சோதனையை இதற்கு நம்ப வேண்டாம். மோட்டாரின் சுருளுக்கே பெரும்பாலும் சில பத்து ஓம் தடைதான் இருக்கும் என்பதால், மோட்டாரின் ஊடாகப் போகும் பாதைக்கும் சில மீட்டர்கள் ஒலி எழுப்பிவிடும். ஓம் அளவிலேயே வைத்து, ஒரு முனையை வலச் சக்கரத்திலும் மற்றதை ஒவ்வொரு பிரஷ்ஷிலும் வைத்துப் பாருங்கள்: நேரடி இணைப்பு என்றால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும், மோட்டார் வழியாகப் போகிறதென்றால் அதைவிடத் தெளிவாகக் கூடுதலாகக் காட்டும். இடச் சக்கரங்களுக்கும் இதையே செய்து குறித்துக்கொள்ளுங்கள். பழைய திறந்த மோட்டார்களில் பிரஷ்களை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கின் ஒரு கை மட்டும் காப்புக்குழல் போட்டிருக்கும், மற்றது வெறும் உலோகமாக இருக்கும். அந்த வெறும் கைக்கும் ஒரு சிறு குழலை மாட்டி, பிரஷ்ஷைச் சேஸிஸிலிருந்து பிரித்தாக வேண்டும். பிரித்தபின், மேல்மூடியைப் பொருத்தி, சக்கரங்கள் கையால் சுழலக்கூடியவையானால் சுழற்றிக்கொண்டே, எந்தச் சக்கரத்துக்கும் எந்தப் பிரஷ்ஷுக்கும் இடையில் இணைப்பு இல்லை என்று மீட்டர் காட்டும்வரை டீகோடரை உறையிலிருந்து எடுக்காதீர்கள்.

அதன் பிறகு வண்ணங்கள் எளிது. சிவப்பு வலத் தண்டவாளத்துக்கும் கறுப்பு இடத் தண்டவாளத்துக்கும் உரியவை. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு. நீலம் விளக்குகள் அனைத்துக்கும் பொதுவான நேர்முனை. பல்புக்குப் பதில் எல்இடி போட்டால் 1000 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் கட்டாயம். மோட்டாரின் முனைகளுக்கிடையே வானொலி இரைச்சலைத் தடுக்கப் போடப்பட்டிருக்கும் சிறு கெப்பாசிட்டரைக் கழற்றிவிடுங்கள். டீகோடர் மோட்டாரை ஓட்டும் முறைக்கு அது இடைஞ்சல்.

இன்னொன்றையும் அளந்துவிடுங்கள். 12 வோல்ட் டிசி கொடுத்து, ஒரு நொடி மட்டும் மோட்டாரைச் சுழலவிடாமல் பிடித்து, அது இழுக்கும் ஆம்பியரைப் பாருங்கள். ஹெச்ஓ டீகோடர்கள் பல 1 ஆம்பியர் வரையே தாங்கும். பழைய மோட்டார்கள் அதைத் தாண்டக்கூடும். கடல் காற்றில் பித்தளைத் தகடுகள் விரைவில் களிம்பேறும் ஊர் நம்முடையது. சக்கரங்களையும் அவற்றைத் தொடும் தகடுகளையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டே பற்றவையுங்கள், அதற்கும் ரோசின் ஃபிளக்ஸ் மட்டுமே பயன்படுத்துங்கள். முதல் சோதனையை, மின்சாரம் மட்டுப்படுத்தப்பட்ட புரோகிராமிங் தண்டவாளத்தில் (டீகோடரின் அமைப்புகளை மாற்றுவதற்கான தனித் தண்டவாளத்தில்) செய்யுங்கள். தவறு ஏதும் இருந்தாலும் டீகோடர் பிழைக்க வாய்ப்புண்டு. புதிய டீகோடரின் முகவரி, அதாவது கட்டுப்பாட்டுக் கருவியில் அதை அழைக்கும் எண், வழக்கமாக 3.

கேள்வி: டீகோடர் பொருத்தினேன். முன்னால் போகச் சொன்னால் என்ஜின் பின்னால் போகிறது. ஆனால் முன்விளக்குதான் எரிகிறது. சிவப்பையும் கறுப்பையும் மாற்ற வேண்டுமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேண்டாம். டிஜிட்டல் முறையில் அவ்விரண்டையும் மாற்றினாலும் திசை மாறாது. டீகோடரின் அமைப்பு எண்களில் ஒன்றான சிவி 29-இல் திசையை மாற்றினால் விளக்கும் சேர்ந்தே மாறிவிடும் என்பதால் குறை அப்படியே இருக்கும். ஆரஞ்சு, சாம்பல் கம்பிகளை மோட்டாரின் முனைகளில் இடம் மாற்றிப் பற்றவையுங்கள்.