பன்னிரண்டு வருடம் மேசைக்குள் கிடந்த எச்பி 12சி கால்குலேட்டர்

உங்கள் கால்குலேட்டரில் புது பேட்டரி போட்டும் திரை வரவில்லை என்றால் முதலில் ரீசெட்: கழித்தல் விசையை அழுத்திப் பிடித்தபடியே ஆன் விசையைத் தட்டிவிடுங்கள். ‘பிஆர் எரர்’ என்று வந்தால் உயிர் இருக்கிறது. பழைய புரோகிராம்கள் அத்தனையும் அழிந்துவிடும், அதுதான் நஷ்டம்.

வரவில்லையா? பேட்டரி கசிந்திருக்கும் என்பது என் சந்தேகம். பன்னிரண்டு வருடம், அதுவும் குளச்சல் கடற்காற்றில், கேட்கவா வேண்டும்! பேட்டரி தொடும் தகட்டில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். குச்சி சொட்டக் கூடாது. உள்ளே இறங்கினால் வேறு வேலை வைக்கும்.

நான் சொல்வது எல்ஆர்44 பொத்தான் பேட்டரி மூன்று போடும் பழைய மாடலுக்கு.

எண்களை முதலில் கொடுத்து, கூட்டல் கழித்தலைக் கடைசியில் அழுத்தும் ஆர்பிஎன் முறை மறந்திருக்காதே? 2, என்டர், 3, கூட்டல். நீங்கள் திரும்பி வந்ததில் நாகர்கோவில் ஆட்களுக்கு ஒரே குஷி, அண்ணாச்சி.