கடை நடக்கிறதா, ஓடுகிறதா?

கேள்வி: ஏழாவது படிக்கும் என் மகளுக்கு ஆங்கிலத் தேர்வில் 'அவர் ஒரு கடை நடத்துகிறார்' என்று பொருள்படும் வாக்கியம் கொடுத்து, அதில் வந்த 'ரன்' என்ற சொல்லுக்கு இணைச்சொல் கேட்டிருக்கிறார்கள். மனப்பாடம் செய்த பட்டியலில் இருந்தபடி 'ஸ்பிரிண்ட்' என்று எழுதினாள். டீச்சர் தப்பு போட்டுவிட்டார். ஒரு சொல்லுக்கு ஆயிரம் அர்த்தம் வைத்துக் குழப்பும் ஆங்கிலத்தைவிட, ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கும் தமிழ் எவ்வளவோ மேல் அல்லவா? இணைச்சொற்களுக்கு நல்ல பட்டியல் புத்தகம் ஒன்று சொல்லுங்கள்.
- வாசகர், கும்பகோணம்

பதில்: டீச்சர் சரியாகத்தான் திருத்தியிருக்கிறார். ஸ்பிரிண்ட் என்பது நூறு மீட்டர் பந்தயத்தில் ஓடுகிற ஓட்டம். கடன்காரர் வந்தால் கடையை விட்டு அப்படி ஓடலாம். கடையை அப்படி நடத்த முடியாது. அந்த இடத்தில் 'மேனேஜ்' என்று எழுதியிருந்தால் மார்க் விழுந்திருக்கும்.

ஆயிரம் அர்த்தம் என்று கோபத்தில்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் ரொம்பவும் மிகையில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான இடத்தைப் பிடித்திருந்த சொல் 'செட்'. 2011-ல் 'ரன்' அதை முந்தியது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள். அந்த ஒரு சொல்லைப் பிரித்து அடுக்க, பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. மூக்கு ஒழுகினால் ரன், துணியில் சாயம் போனால் ரன், போட்ட பணம் போய்விடுமோ என்று ஜனங்கள் பேங்க் வாசலில் முண்டியடித்தால் அதுவும் ரன். கிரிக்கெட்டில் பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால், பேட்ஸ்மேன் நின்ற இடத்தில் நின்றபடியே நாலு ரன் எடுக்கிறார். வீட்டில் சர்க்கரை தீர்ந்தால் அதற்கும் ரன் அவுட்தான். அம்பயர் மட்டும் கிடையாது.

சரி, தமிழுக்கு வருவோம். ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் என்று எழுதினீர்களே, உங்கள் வீட்டு ஃபேன் என்ன செய்கிறது? ஓடுகிறது. மோட்டார், கடிகாரம், பஸ், தியேட்டரில் படம், எல்லாம் ஓடுகின்றன. கையில் வேலை ஓடவில்லை என்கிறோம். இயந்திரங்கள் வந்தபோது ஆங்கிலம் பேசுகிறவர்கள் எப்படிப் புது வினைச்சொல்லைத் தேடாமல் கால் முளைத்த பழைய சொல்லையே பூட்டினார்களோ, அதையேதான் நாமும் செய்தோம். (கூரையில் வேயும் ஓடு இந்தக் கணக்கில் சேராது. அது வேறு சொல், ஒலி மட்டும் ஒன்று.)

ஆனால் இரண்டு மொழியும் எல்லா இடத்திலும் சேர்ந்து ஓடுவதில்லை. எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஆங்கிலத்தில் கடையை 'ஓட்டுகிற' முதலாளியை நாம் 'நடத்துகிறார்' என்கிறோம். அவர்கள் ஓட வைத்ததை நாம் நடக்க வைத்திருக்கிறோம். ஆனால் வியாபாரம் எப்படி என்று விசாரிக்கும்போது மட்டும் 'கடை ஓடுதா?' என்கிறோம். தேர்தல் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார், இங்கிலாந்தில் நிற்கிறார். நம்மூரிலும் நிற்கத்தான் செய்கிறார். ஓட்டமெல்லாம் முடிவு வந்த பிறகு.

இப்போது பட்டியல். ஆங்கில இணைச்சொல் புத்தகங்களுக்கு முன்னோடி பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852-ல் வெளியிட்ட 'தெசாரஸ்'. சொற்களை அகர வரிசையில் அடுக்காமல், கருத்துக் கருத்தாகக் கூட்டி ஆயிரம் தலைப்பில் வைத்தார். எந்தச் சொல்லுக்கும் பொருள் எழுதவில்லை. சொற்கள் ஏற்கெனவே தெரிந்தவர், சமயத்துக்கு நினைவுக்கு வராத ஒன்றைத் தேடி எடுக்கத்தான் அந்தப் புத்தகம். நீங்கள் அதே சரக்கைச் சொல்லே தெரியாத ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து நெட்டுருப் போடச் சொல்கிறீர்கள். ஜாக் என்றால் உடம்புக்காக மெல்ல ஓடுவது, ஃப்ளீ என்றால் பயந்து ஓடுவது, கேலப் என்றால் குதிரையின் நாலுகால் பாய்ச்சல். பட்டியலில் இவை ஒரே வரியில் கைகோத்து நிற்கும். வாக்கியத்தில் ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று உட்காராது.

நமக்கும் நிகண்டு என்ற பழைய இணைச்சொல் நூல் இருக்கிறது. யானைக்கு வேழம், களிறு, பிடி என்று பல பெயர் உண்டு என்று மனப்பாடம் செய்துவிட்டு ஒரு பையன் 'களிறு குட்டி போட்டது' என்று எழுதினால் என்ன செய்வீர்கள்? களிறு ஆண் யானை ஐயா. தமிழ் டீச்சரும் சிவப்பு மையைத்தான் எடுப்பார்.

ஆகவே புத்தகம் எதுவும் சொல்வதாக இல்லை. ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தையும் வணிகப் பக்கத்தையும் மகளிடம் கொடுங்கள். கண்ணில் படும் ஒவ்வொரு 'ரன்'னையும் சுற்றி, அங்கே தமிழில் நாம் என்ன சொல்வோம் என்று ஓரத்தில் எழுதட்டும். மார்க் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியிருந்தால், பாதி வழியிலேயே திரும்பிவிடுங்கள்.