செல்ல நாயைக் காப்பாற்ற ஒருவரைத் தள்ளிவிட்டால் குற்றமா?

கேள்வி: என் நாயோடு நடந்து போய்க்கொண்டிருந்தேன். கயிறு என் கையில்தான் இருந்தது. எதிரே வந்தவர், நாய் குரைத்தது என்பதற்காகக் கட்டையால் அதன் பின்னங்காலில் அடித்தார். இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது நான் அவரைத் தள்ளிவிட்டேன். விழுந்ததில் அவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். என் மேல்தான் தப்பா? இன்னொன்றும் கேட்க வேண்டும்: வேறு நாய் வந்து பாய்ந்தால் அதை அடிக்கலாமா?

பதில்: நீங்கள் பிள்ளை மாதிரி வளர்க்கும் நாய், சட்டத்தின் கண்ணில் உங்கள் அசையும் சொத்து. கேட்கவே கசப்பாக இருக்கும். நானும் நாய் வளர்த்தவன், எனக்கும் கசக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்தான் இப்போது உங்களுக்குக் கைகொடுக்கப் போகிறது.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 35-வது பிரிவு, உடலைக் காக்க மட்டுமல்ல, சொத்தைக் காக்கவும் தற்காப்பு உரிமை தருகிறது. ஆனால் சொத்து விஷயத்தில் திருட்டு, கொள்ளை, சேதம் விளைவித்தல், அத்துமீறி நுழைதல் ஆகிய நான்கு குற்றங்களையோ அவற்றுக்கான முயற்சியையோ தடுக்கத்தான் அந்த உரிமை. விலங்கைக் கொல்வதும் ஊனமாக்குவதும் சேதம் விளைவிக்கும் குற்றத்தில் வரும். 325-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. காலை உடைக்கிற வேகத்தில் கட்டை இறங்கும்போது குறுக்கே பாய உங்களுக்கு உரிமை இருந்தது என்றே நான் வாதாடுவேன்.

பலர் சறுக்குவது இங்கேதான். விலங்குவதை என்பது அந்த நான்கில் இல்லை. ஒருவர் உங்கள் நாயைக் காலால் லேசாக எத்தினார், காயம் எதுவும் இல்லை என்றால், அது 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகலாம். ஆனால் பதிலுக்கு அவரை அடிக்கும் உரிமையை அது தானாகத் தந்துவிடாது. அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். இந்தத் தொகையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. இருந்தாலும் சட்டம் குறைவாகத் தண்டிக்கிறதே என்று மீதியை நம் கையால் கொடுக்க முடியாது.

இனி அந்த மணிக்கட்டு. எலும்பு முறிவைச் சட்டம் கொடுங்காயம் என்று வகைப்படுத்துகிறது. அதனால் உங்கள் மேல் வரும் வழக்கு சின்னதாக இருக்காது. அதற்காகப் பயந்துவிட வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 42-வது பிரிவு, இந்த மாதிரிச் சேதத்தைத் தடுக்க மரணம் தவிர வேறு எந்தத் தீங்கும் விளைவிக்க இடம் தருகிறது. ஆனால் 37-வது பிரிவு ஒரு கடிவாளம் போடுகிறது: தடுப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது. ஓங்கிய கையைத் தடுக்க ஒரு முறை தள்ளியது அந்த அளவுக்குள் இருக்கிறது. பதற்றத்தில் செய்ததைத் தங்கத் தராசில் வைத்து நிறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அவர் கீழே விழுந்து, கட்டை கையை விட்டுப் போன பிறகு நீங்கள் மிதித்திருந்தால் கதை வேறு. ஆபத்து நின்ற நொடியிலேயே உரிமையும் நின்றுவிடும். நேற்று விஷம் வைத்தவரை இன்று தேடிப்போய் அடிப்பது தற்காப்பு ஆகாது, பழிவாங்கல்.

நாய்க்காக ஒரு மனித உயிரை எடுக்கலாமா? சட்டம் கூடாது என்கிறது, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அடிப்பவர் கட்டையை உங்கள் தலைக்குத் திருப்பினால் அது உடலைக் காக்கும் உரிமையாக மாறிவிடும். அதன் எல்லை பெரியது. நகராட்சி ஊழியர்கள் தங்கள் கடமை என்று நம்பி உங்கள் நாயைப் பிடித்தால், அந்த உத்தரவே தவறாக இருந்தாலும் கைகலப்பு வேண்டாம். பேசுங்கள், எழுதிக் கொடுங்கள், நீதிமன்றம் போங்கள்.

அடுத்து, பாயும் நாய். நாய் குற்றவாளி ஆக முடியாது. ஆகவே அங்கே தற்காப்பு உரிமையைவிட 19-வது பிரிவுதான் பொருந்தும்: பெரிய தீங்கைத் தடுக்க, கெட்ட நோக்கமில்லாமல், நல்லெண்ணத்தோடு செய்த சிறிய தீங்கு குற்றமாகாது. அந்த நாய்க்கு உரிமையாளர் இருந்து, அவர் அஜாக்கிரதையாக அவிழ்த்து விட்டிருந்தால், 291-வது பிரிவில் அவர் மேல் புகார் கொடுக்கலாம்.

அடிப்பது சட்டப்படி சரியா என்பதைவிட, அடியால் பயன் உண்டா என்று முதலில் யோசியுங்கள். வலி கூடினால் பல நாய்கள் பிடியை இன்னும் இறுக்கும். இரண்டு நாய்களும் கடித்துக்கொண்டால் வாய்க்கு நடுவே கையை விடவே விடாதீர்கள். பையையோ கனமான சட்டையையோ இரண்டுக்கும் நடுவில் திணியுங்கள். தண்ணீர் இருந்தால் முகத்தில் ஊற்றுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் இழுக்கலாம். விட்டவுடன் அது திரும்பிக் கடிக்க வரும் என்பதால் இழுத்தபடியே தள்ளிப் போக வேண்டும். உங்களுக்குக் கடி பட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், அன்றே ஊசிக்குப் போங்கள்.

இப்போது உங்கள் வழக்கு. தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது; சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்கக்கூடியது அதுதான் என்று நீதிபதிக்குப் பட்டால் போதும். இன்றே நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அடிபட்ட இடம், வீக்கம், எக்ஸ்ரே முடிவு எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வாங்குங்கள். அந்த இடத்தில் சிசிடிவி இருந்தால் பதிவு அழிவதற்குள் கேட்டு வாங்குங்கள். முதல் அடியைப் பற்றி உங்கள் தரப்பிலும் புகார் கொடுங்கள். அதில் 'கயிறு என் கையில் இருந்தது' என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். நாய் தன் மேல் பாய்ந்தது என்றுதான் அவருடைய வக்கீல் ஆரம்பிப்பார்.