இபிசா, பிப்ரவரியில்

அன்புள்ள ஐயா,

பிப்ரவரியில் நானும் கணவரும் ஸ்பெயின் போகிறோம். பார்சிலோனாவில் அவருடைய வேலை முடிந்ததும் நான்கு நாள் கையில் இருக்கிறது. இபிசாத் தீவு என்றதும் மகன் சிரித்துவிட்டான். "அது விடிய விடிய ஆடுறவங்க போற இடம்மா. குளிர்காலத்துல அதுவும் பூட்டிக் கிடக்கும்" என்கிறான். ஐம்பதைத் தாண்டிய எங்களுக்கு அங்கே பார்க்க ஏதாவது உண்டா?

கே., கோவை

அன்புள்ள கே.,

தாராளமாகப் போய் வாருங்கள். பெரிய இரவு விடுதிகள் அக்டோபரோடு மூடி ஏப்ரல் கடைசியில்தான் திறக்கும். அந்த இடைவெளியில்தான் தீவு தீவாக இருக்கிறது. பகலில் பதினைந்து டிகிரி வெயில், நடக்கச் சுகமாக இருக்கும்.

இபிசா நகரம் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் ஃபினீசியர்கள், அதாவது இன்றைய லெபனான் கரையிலிருந்து வந்த கடல் வணிகர்கள், உண்டாக்கிய துறைமுகம். ஊரை ஒட்டிய புச் தெஸ் மொலின்ஸ் குன்றில் அவர்களும் பின்னால் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கார்தேஜியர்களும் பாறையைக் குடைந்து இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். ஆயிரக்கணக்கான கல்லறைகள். சிலவற்றுக்குள் நீங்களே இறங்கிப் பார்க்கலாம். உள்ளே கல் சவப்பெட்டிகள் அப்படியே கிடக்கின்றன. பக்கத்து அருங்காட்சியகத்தில் தானித் என்ற தெய்வத்தின் சுடுமண் உருவங்களும், இறந்தவரோடு புதைத்த, வண்ணம் தீட்டிய நெருப்புக்கோழி முட்டைகளும் இருக்கின்றன. அந்த முட்டைகளை அவசரமில்லாமல் பாருங்கள். நெருப்புக்கோழி இந்தத் தீவின் பறவையே இல்லை. கடல் கடந்து வந்த முட்டையில் ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகச் சிவப்புக் கோடு இழுத்திருக்கிறார்.

மேலே தால்ட் விலா, பழைய கோட்டை நகரம். துருக்கியரையும் கடற்கொள்ளையரையும் தடுக்க 16ஆம் நூற்றாண்டில் கட்டிய மதில்கள். மாலையில் ஏறுங்கள்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கடலைப் பற்றி. இந்தத் தீவைச் சுற்றிக் கடலடியில் பொசிடோனியா என்ற புல்வெளி பரந்து கிடக்கிறது. பலர் பாசி என்று நினைக்கிறார்கள். அது வேரும் பூவும் காயும் உள்ள செடி. இபிசாவுக்கும் பக்கத்துத் தீவான ஃபோர்மென்தேராவுக்கும் நடுவே ஒரே செடி ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் படர்ந்திருப்பதை 2006இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும் செடி அது. அப்படியென்றால் அதன் வயதை நினைத்துப் பாருங்கள். ஒரு லட்சம் ஆண்டு வரை இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். யுனெஸ்கோ 1999இல் இபிசாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்தப் புல்வெளியும் ஒரு காரணம்.

விளம்பரப் படங்களில் வரும் கண்ணாடித் தண்ணீருக்கும் இந்தப் புல்தான் பெரிய காரணம். மிதக்கும் தூசியை அது பிடித்துக் கீழே படிய வைக்கிறது. அந்தத் தண்ணீருக்காகக் கோடையில் வரும் சொகுசுப் படகுகள், நங்கூரத்தைப் போட்டு அந்தப் புல்லையே பிடுங்குகின்றன. ஒரு நிமிஷத்தில் போவது மீண்டும் முளைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். புல்வெளிமேல் நங்கூரம் போடுவதை 2018இல் இபிசா அடங்கிய பலேரிக் தீவுக் கூட்டத்தின் அரசு ஆணை போட்டுத் தடை செய்தது. அந்தத் தடையை இன்னும் கறாராக நிறைவேற்ற வேண்டும் என்பேன். இது எனக்கு மனசு கொதிக்கும் விஷயம்.

நீங்கள் போகும் சமயம் கரையில் பழுப்பு இலைகள் மெத்தைபோலக் குவிந்திருக்கும். குப்பை என்று முகம் சுளிக்க வேண்டாம். குளிர்காலப் புயலில் அலை மணலை அரித்துப் போகாமல் அந்தக் குவியல்தான் காக்கிறது. நடுவே தேங்காய் நாரை உருட்டியதுபோல உருண்டைகள் கிடக்கும். அவையும் அந்தச் செடியின் நார்தான். அந்தக் காலத்தில் இலைகளைக் காயவைத்து அந்த ஊர்க்காரர்கள் வீட்டுக் கூரைக்குள் பரப்புவார்கள், வெயிலும் குளிரும் இறங்காமல் இருக்க.

அப்புறம், தெற்கே செஸ் சலினெஸ் உப்பளம். ஃபினீசியர் காலத்திலிருந்து உப்பு எடுக்கும் இடம், இன்றும் எடுக்கிறார்கள். பாத்திகளில் பூநாரைகள் நிற்கும். வடமேற்கே சாந்தா அக்னெஸ் ஊரில் பாதாம் மரங்கள் ஜனவரி கடைசியிலிருந்து பூக்கும். பிப்ரவரி முதல் பாதியில் போனால் சமவெளி முழுக்க வெள்ளையாக இருக்கும். பௌர்ணமி அமைந்தால் இரவிலும் போங்கள், ஊர் ஜனங்களே நிலா வெளிச்சத்தில் நடக்க வருவார்கள்.

பார்சிலோனாவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். குளிர்காலத்தில் பேருந்துகள் குறைவு, வாடகைக்குக் கார் எடுத்துக்கொள்வது நல்லது. பேக்கரியில் ஃப்ளாவோ கேளுங்கள்: பாலாடைக்கட்டியும் புதினாவும் சேர்த்துச் சுடும் இனிப்பு. முட்டை சேர்ப்பார்கள், நீங்கள் சுத்த சைவமானால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.