ஈசினோபில் 4,200: எக்கோ எடுக்கத்தான் வேண்டுமா?

தம்பிக்கு மூன்று மாதமாக ஈசினோபில் (ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை) 4,200-க்குக் கீழே இறங்கவில்லை, அரிப்பைத் தவிர வேறு தொந்தரவும் இல்லை, பிறகு ஸ்டீராய்டுக்கு முன் எக்கோ (இதய ஸ்கேன்) எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். மருத்துவர் வீண் செலவு வைக்கவில்லை.

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500 வரை இயல்பு. 1,500-க்கு மேல் நீடித்தால் இந்த அணுக்கள் திசுக்களுக்குள் புகுந்து, தம் துகள்களில் உள்ள நச்சுப் புரதங்களை அங்கே கொட்டத் தொடங்கலாம். அதிகம் கவலைப்பட வேண்டியது இதயத்தைப் பற்றித்தான். உள்சுவர் புண்ணாகி, அதன்மேல் ரத்தம் உறைந்து, கடைசியில் தழும்பேறி விறைத்துவிடும். உறைகட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆரம்பத்தில் ஆள் நன்றாகவே நடமாடுவார், அதுதான் சிக்கல். ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ஈசிஜி இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். நுரையீரல், நரம்பு, குடலும் பாதிக்கப்படலாம்.

அப்புறம், ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடல்புழு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்தார்களா? அது உள்ளே இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். மலப் பரிசோதனையில் பல நேரம் தப்பிவிடும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு பக்கம் மரத்துப்போதல் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.