படைக்கலத் தொழிற்சாலைகளை நிறுவனங்களாக்கியதால் பாதுகாப்பு அமைச்சகத்துக்குப் பணம் மிச்சமானதா?

ஆவடியில் இருப்பவை உட்பட 41 படைக்கலத் தொழிற்சாலைகளையும் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்ததால் செலவு உண்மையிலேயே குறைந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் குறைந்தது என்றும், மிச்சம் என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு ஒரு கணக்குத் தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தது என்றும் நான் கருதுகிறேன். வியாசர்பாடியிலிருந்து இருபத்தெட்டு ஆண்டுகள் மின்ரயிலில் போய், அத்தகைய தொழிற்சாலை ஒன்றின் உற்பத்தித் திட்டப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தத் தொழிற்சாலை என்பது இங்கே வேண்டாம். உள்ளேயிருந்து பார்த்தவனின் சாய்வு பதிலில் இருக்கும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய முறை சரியாக இருந்தது என்று நான் வாதாட மாட்டேன். ராணுவம் டெண்டர் இல்லாமலே, எல்லாத் தொழிற்சாலைகளையும் நடத்திய, கொல்கத்தாவில் இருந்த படைக்கலத் தொழிற்சாலை வாரியத்துக்கு ஆணை கொடுக்கும். தொழிற்சாலை தனக்கு ஆன செலவையெல்லாம் கூட்டி, லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் விலை போடும். ஆன செலவு எதுவானாலும் விலையாகத் திரும்பி வந்துவிடும் என்ற நிலையில், அதைக் குறைக்க வேண்டிய அவசரம் யாருக்கும் வராது. எங்கள் பிரிவில் ஒவ்வொரு வேலைக்கும் வாரண்ட் என்ற வேலைச் சீட்டு எழுதுவோம். அதில் அந்த வேலைக்கு இத்தனை மணி நேரம் என்ற எஸ்டிமேட் இருக்கும். பத்து மணி என்று போட்டிருக்கும் வேலையைக் கைதேர்ந்தவர் ஆறரை மணியில் முடித்துவிடுவார். மீதி நேரத்துக்கான பணம் அவருக்குப் பீஸ் ஒர்க் லாபம். பழைய இயந்திரத்தை வைத்துப் போட்ட எஸ்டிமேட், புதிய இயந்திரம் வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் ஓரம் பழுப்பேறிய அதே அட்டையில் அப்படியே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். திருத்தலாமே என்று ஒருமுறை கேட்டபோது, மேலதிகாரியும் சங்கத்துக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

மிகைநேர வேலை (ஓ.டி.) இன்னொரு கதை. நிதியாண்டு முடிவதற்குள் இலக்கை எட்ட வேண்டும் என்பதால், மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை ஆறு மணிக்கு வியாசர்பாடி ஜீவா நிலையத்தின் நடைமேடையில் சாப்பாட்டுப் பைகளோடு கூட்டம் நிற்கும். எங்கள் தெருவில் நகைச் சீட்டும் வீட்டுக் கடன் தவணையும் ஓ.டி. பணத்தை நம்பித்தான் ஓடின என்பதால், அதை வீண்செலவு என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. ஆனாலும் ஆண்டு முழுவதும் சீராகப் பரப்ப வேண்டிய வேலையைக் கடைசியில் குவித்ததால் வந்த செலவு அது.

2021 அக்டோபர் 1ஆம் தேதி வாரியம் கலைக்கப்பட்டது. கனரக வாகனத் தொழிற்சாலையும் இன்ஜின் தொழிற்சாலையும் ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் நிறுவனத்துக்கும், சீருடைத் தொழிற்சாலை கான்பூரில் உள்ள ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்துக்கும் போயின. முதல் ஆறு மாதங்களில் ஏழில் ஆறு நிறுவனங்கள் தற்காலிகக் கணக்கில் லாபம் காட்டியதாகவும், மிகைநேரத்திலும் உற்பத்தி சாராத செலவிலும் 9.48 விழுக்காடு மிச்சமானதாகவும் அரசு அறிவித்தது. ஓ.டி. குறைந்ததை என் பழைய சகாக்களின் சம்பளத்திலேயே பார்த்தேன். அது மெய்யான மிச்சம். லாபத்தை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. வாரியத்திடம் நிலுவையில் இருந்த ஆணைகளைத்தான் ஒப்பந்தங்களாக மாற்றி, முன்பணமும் கொடுத்து, இந்த நிறுவனங்களைத் தொடங்கி வைத்தார்கள். வாங்குவது ராணுவம், விற்பது அதே அமைச்சகத்தின் நிறுவனம். இருவரும் ஒரே வீட்டார் என்னும்போது, விற்றவர் காட்டும் லாபம் வாங்கியவர் கொடுத்த விலைக்குள்தான் இருக்கிறது.

சீருடையில் இந்த இடமாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும். 2017 ஜூலை முதல் அதிகாரி அல்லாத படைவீரருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் உடைப்படி வந்தது. அதுவரை தைத்து வழங்கப்பட்டதை அவர் வெளியில் துணி வாங்கித் தைத்துக்கொள்ளத் தொடங்க, சீருடைத் தொழிற்சாலைகளுக்கு ஆணைகள் சரிந்தன. தொழிற்சாலைக் கணக்கில் குறைந்தது படிக் கணக்கில் ஏறியது. தையல்காரர்களின் சம்பளமோ முன்போலவே போய்க்கொண்டிருந்தது.

மற்ற சீர்திருத்தங்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம். ராணுவப் பொறியியல் பணித் துறையில் 2020இல் 9,304 பணியிடங்களை நீக்கினார்கள். அவை ஏற்கெனவே காலியாகக் கிடந்தவை என்பதால், கையில் இருந்த பணம் எதுவும் அன்றைக்கு மிஞ்சவில்லை. பாதுகாப்புச் செலவைச் சீராக்க வழி சொன்ன ஷேகட்கர் குழுவின் பரிந்துரைப்படி மூடப்பட்ட ராணுவப் பால் பண்ணைகளை நான் குறை சொல்ல மாட்டேன். 1889இல் அலகாபாத்தில் தொடங்கிய ஏற்பாடு அது. பாக்கெட் பால் எங்கும் கிடைக்கும் காலத்தில் ராணுவம் மாடு வளர்க்க வேண்டியதில்லை. ஊழியர்களை மட்டும் அமைச்சகத்துக்குள்ளேயே வேறு இடங்களில் அமர்த்தினார்கள்.

பெரிய தொகை ஓய்வூதியத்தில் இருக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கிய சுமார் 6.81 லட்சம் கோடியில் 1.61 லட்சம் கோடி அதற்கே போகிறது. நிறுவனமாக்கியபோது தொழிற்சாலை ஊழியர்களை அரசு ஊழியர்களாகவே வைத்து, டெபுடேஷனில் (அயல்பணியில்) இருப்பதாகக் கருதி மாற்றினார்கள். இரண்டு ஆண்டுகள் என்று தொடங்கிய அந்தக் கெடு பிறகு நீட்டிக்கப்பட்டது. அவர்களுடைய ஓய்வூதியப் பொறுப்பும், எனக்கு முன்னால் போனவர்களுடையதும் என்னுடையதும், அமைச்சகத்திடமே இருக்கின்றன. நான் வாரண்ட் எழுதிய தொழிற்சாலையின் இன்றைய லாப நட்டக் கணக்கில் என் ஓய்வூதியத்துக்கு ஒரு வரி கிடையாது.